அழுத்த நீர்க் கழுவு யந்திரங்களின் இரைச்சலைத் தணிக்கும் முறைகள்

மாட்டுத் தொழுவம், கோழிக் கொட்டகை, டிராக்டர், அறுவடை யந்திரம் முதலியவற்றைக் கழுவுவதற்கு அழுத்த நீர்க் கழுவு யந்திரத்தைக் கையாளும் வழக்கம் விவசாயிகளிடையே பரவி வருகிறது. கடைத்தெருவில் பிரஷர் வாஷர் என்று வழங்கும் இது, ஓர் எஞ்சினும், அதனால் ஓட்டப்படும் பிளஞ்சர் பம்பும், நீண்ட ஹோஸ் குழாயும், நுனியில் நாசில் பொருத்திய கன்னும் சேர்ந்த கருவியாகும். குறைந்த நீரைக் கொண்டு, குறைந்த நேரத்தில், கையால் தேய்த்தாலும் போகாத சாணத்தையும் சேற்றையும் இது போக்கிவிடுகிறது. ஆகையால் இதன் பிரயோஜனத்தைப் பற்றி விவாதம் இல்லை. ஆயினும் இதனோடு ஒரு பெருந் தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே இதன் இரைச்சல்.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு எஞ்சின் சப்தம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியல் வல்லுநரின் முயற்சியால் அந்நாளைய சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சின்கள் கிணற்று நீரை இறைக்கத் தொடங்கின. ஆனால் பழைய ஆயில் எஞ்சின்கள் நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுக்களே சுழன்றன. அவை நின்ற இடமும் ஊருக்கு அப்பாலுள்ள கிணற்றடியாகும். இக்காலத்துக் கழுவு யந்திரத்தின் சிறிய பெட்ரோல் எஞ்சினோ நிமிடத்திற்கு 3,600 சுற்று வரையில் ஓடுகிறது. அது நிற்கும் இடம் வீட்டை ஒட்டிய தொழுவம். அதை ஓட்டுபவன் அதற்கு ஆறடி தூரத்திலேயே நின்று வேலை செய்கிறான்.

இவ்விரைச்சல் யந்திரத்தின் சுபாவம், அதற்குச் செய்யத்தக்கது யாதுமில்லை என்று பலரும் எண்ணியிருக்கின்றனர். மற்றுஞ் சிலர் எஞ்சின்மீது ஈரக் கோணியைப் போர்த்தியும், புகைக்குழாயின் வாயைக் குறுக்கியும் யந்திரத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டும் தவறு. இரைச்சல் எங்கெங்கே பிறக்கிறது என்று முதலில் அறிந்து, அவற்றுள் பெரியதை முதலில் தணித்து, பின்னர் அடுத்ததற்குச் செல்வதே முறையாகும். இம்முறையில் செய்தால் பெருஞ்செலவின்றியே போதிய பலன் கிடைக்கும்.

இரைச்சலால் விளையும் தீமைகள்

முதலாவது தீமை, யந்திரத்தை ஓட்டுபவனின் காதுக்கு நேருவது. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய கழுவு யந்திரத்தின் அருகில் நிற்பவரின் காதில் 85 முதல் 100 டெசிபெல் வரையில் சப்தம் விழுவது சாதாரணம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஓயாத இரைச்சலால் அவை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அந்நஷ்டத்தை ஈடு செய்யும் மருந்தும் இல்லை. முதலில் கீச்சென்ற ஒலிகளே கேளாமற் போகின்றன. அதனால் குழந்தைகளின் பேச்சும், சந்தையிலோ கூட்டத்திலோ பக்கத்தில் நிற்பவர் பேசும் பேச்சும் தெளிவாய்ப் புலப்படுவதில்லை. வேலை முடிந்த பின்னும் காதில் ரீங்காரம் நின்றபாடில்லை என்றால் அதனை அபாய அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

பெரும்பான்மையான பண்ணைகளில் யந்திரத்தின் சொந்தக்காரர் எட்ட நின்று மேற்பார்வை செய்கிறார். கன்னைப் பிடிப்பவன் கூலியாள். இரைச்சலைப் பற்றி அவன் முறையிடுவதும் அரிது. ஆகையால் அவனது காதைக் காக்கும் பொறுப்பு யந்திரத்தை வாங்கியவரையே சாரும்.

இரண்டாவது தீமை கால்நடைகளுக்கு நேருவது. மனிதர் காதுக்கு எட்டும் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையிலாகும். மாடுகளுக்கோ அது 35,000 அதிர்வு வரையில் எட்டுகிறது. எனவே நாசிலிலிருந்து கிளம்பும் சீற்றத்தில் மனிதருக்குக் கேளாத பாகமும் பசுவுக்குக் கேட்கும். திடுக்கிட்ட பசு பாலை அடக்கிக் கொள்ளும் என்பது கறவைக்காரர் யாவரும் அறிந்ததே. இதன் காரணத்தை 1941-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று விளக்கிற்று. கறக்கும் சமயத்தில் காகிதப் பைகளை வெடித்துப் பசுக்களை அச்சுறுத்தியபோது, அச்சத்தால் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் என்னும் சுரப்பு, பால் இறங்குவதைத் தடுத்தது. ஆகையால் கறவை நேரத்திலும், அதற்குச் சற்று முன்னரும், தொழுவத்தருகே கழுவு யந்திரத்தை ஓட்டலாகாது.

மூன்றாவது, அண்டை வீட்டாரோடு நேரும் மனத்தாங்கல். விடியற்காலையில் தொழுவம் கழுவுவது வழக்கமாதலால் ஊர் உறங்கும் வேளையிலேயே எஞ்சின் முழங்குகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சப்தம் பகலில் 55 டெசிபெல்லுக்கும் இரவில் 45 டெசிபெல்லுக்கும் மேற்படலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் இரவென்று அவ்விதிகள் வகுத்திருக்கின்றன. ஆகவே காலை 5 மணிக்கு ஓடும் யந்திரம் சட்டப்படி இரவில் ஓடும் யந்திரமே. குறித்த அளவுக்கு மேல் 10 டெசிபெல் அல்லது அதற்கு அதிகமாய்ச் சப்தம் எழுந்தால் பாதிக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் புகார் செய்துகொள்ளவும் அவ்விதிகளில் இடமிருக்கிறது.

டெசிபெல் கணக்கு

சப்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கு படிக்கணக்கைப் போன்றதன்று. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இரு மடங்காகிறது. 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்காகிறது. ஆனால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு உரத்ததாகவே தோன்றுகிறது. ஆகையால் தனக்குப் பழகிவிட்டது என்று ஒருவன் சொல்வதைக் கொண்டு தீங்கில்லை என்று தீர்மானிக்கலாகாது. காது பொறுத்துக்கொள்வது வேறு. காது கெடாதிருப்பது வேறு.

அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட சிபார்சின்படி, ஒருவர் நாளொன்றுக்கு 85 டெசிபெல் சப்தத்தில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு கால் மணி நேரமே தகும்.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். ஒரு யந்திரத்தில் புகைக்குழாயின் சப்தம் 95 டெசிபெல்லும், பம்பின் சப்தம் 85 டெசிபெல்லும் இருப்பதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து 180 ஆவதில்லை. 95-க்குச் சற்றே மேற்பட்டிருக்கும். பம்பின் சப்தத்தை அடியோடு ஒழித்தாலும் குறைவது அரை டெசிபெல்கூட இல்லை. புகைக்குழாயின் சப்தத்தைத் தணித்தாலோ மொத்த இரைச்சலே தணிகிறது. சிறியதைச் சீர்செய்யப் பணத்தைச் செலவிட்டு, பெரியதை அப்படியே விட்டுவிடுவதால்தான் பலருடைய முயற்சி வீணாகிறது.

இரைச்சல் பிறக்கும் இடங்கள்

கழுவு யந்திரத்தில் இரைச்சல் ஏழு இடங்களில் பிறக்கிறது. அவையாவன: 1. புகைக்குழாய், 2. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய், 3. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி, 4. எஞ்சினுள் வால்வு, பல்சக்கரம் முதலியன இயங்குவதால் எழும் தட்டொலி, 5. அதிர்ச்சியால் முழங்கும் சட்டமும் தகடுகளும், 6. பம்பு, 7. நாசிலிலிருந்து பீறிடும் நீர்த்தாரை.

இவற்றுள் எது பெரிது என்று கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கைபேசியில் கிடைக்கும் ஒலி அளக்கும் செயலி துல்லியமானதன்று. எனினும் ஒரு மாறுதலைச் செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதற்கு அது போதும். எஞ்சினுக்கு 3 மீட்டர் தூரத்தில் ஓர் அடையாளம் இட்டு, எப்பொழுதும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே கைபேசியைக் கொண்டு அளக்க வேண்டும்.

முதலில் கன்னை மூடியும் பின்பு திறந்தும் அளக்கலாம். திறந்தவுடன் கூடுவது எஞ்சின்மேல் ஏறும் பாரத்தாலும், நீர்த்தாரையின் சீற்றத்தாலும் உண்டாவது. கன்னை நெடுநேரம் மூடி வைத்தால் நீர் பம்பினுள்ளேயே சுற்றிச் சூடேறுமாதலால், இச்சோதனையை ஓரிரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, புகைக்குழாயைவிடக் குறுகாத துளையுள்ள இரும்புக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாய் இணைத்துப் புகையைச் சில அடி அப்பால் விடச்செய்து பார்க்க வேண்டும். எஞ்சினருகே சப்தம் நன்றாய்க் குறைந்தால் குற்றம் சைலன்ஸரில் உள்ளது. சூடேறாத தகடுகளையும் மூடிகளையும் கையால் அழுத்தியவுடன் ஒலி மாறினால் அதிர்ச்சியே காரணம். பம்பில் கடகடவென்ற ஓசையும், அழுத்தமானியின் முள்ளில் நடுக்கமும் கண்டால், பம்புக்கு நீர் போதவில்லை என்றோ, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிகிறது என்றோ அறியலாம்.

சுழற்சி வேகத்தைக் குறைத்தல்

எவ்விதச் செலவுமின்றிச் செய்யத்தக்க முதற் காரியம் எஞ்சினின் வேகத்தைக் குறைப்பதேயாகும். மேலே கூறிய ஏழில் பெரும்பாலானவை வேகத்தோடு ஏறி இறங்குவன. நிமிடத்திற்கு 3,600 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்கு இறக்கினால், விசிறியின் சப்தம் மட்டும் ஏறக்குறைய 4 டெசிபெல் தணியும்.

வேகத்தைக் குறைத்தால் அழுத்தமும் குறையுமே என்று விவசாயிகள் ஐயுறலாம். குறையும் என்பது உண்மையே. பிளஞ்சர் பம்பு தள்ளும் நீரின் அளவு வேகத்திற்குத் தக்கபடி இருக்கும். நாசில் மாறாதிருந்தால் அழுத்தம் அந்நீரளவின் வர்க்கத்திற்குத் தக்கபடி இருக்கும். 3,600 சுற்றில் நிமிடத்திற்கு 12 லிட்டர் நீரை 200 பார் அழுத்தத்தில் தள்ளும் பம்பு, 3,000 சுற்றில் 10 லிட்டர் நீரை ஏறக்குறைய 140 பார் அழுத்தத்தில் தள்ளும். அதற்கு வேண்டிய சக்தியோ முன்னிருந்ததில் நூற்றுக்கு 58 பங்குதான். எரிபொருளும் அதற்கேற்ப மீதமாகும்.

தொழுவத்தின் தரைக்கும் டிராக்டரின் சேற்றுக்கும் 200 பார் அழுத்தம் தேவையே இல்லை. 100 முதல் 140 பார் வரையில் போதும். மிகையான அழுத்தம் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கும். பேரிங்குகளின் மூடியைத் தாண்டி நீரை உட்புகுத்தும். சிமெண்டுத் தரையின் மேற்பூச்சையும் பெயர்க்கும். ஆகையால் வேகத்தைக் குறைப்பவர் காதை மட்டுமன்றிப் பொருளையும் காத்துக்கொள்கின்றனர். குறைந்த வேகத்தில் அழுத்தம் போதவில்லை எனின், சற்றுச் சிறிய துளையுள்ள நாசிலை மாற்றினால் அழுத்தம் திரும்ப ஏறும். எனினும் எஞ்சினைச் செய்தவர் குறித்துள்ள மிகக் குறைந்த வேகத்திற்குக் கீழே பாரத்தோடு ஓட்டலாகாது. எண்ணெயைத் தெளித்து மசகிடும் சிறு எஞ்சின்களில், வேகம் மிகக் குறைந்தால் எண்ணெய் எங்கும் எட்டாது.

தூரத்தால் கிடைக்கும் லாபம்

வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சப்தம் 6 டெசிபெல் குறைகிறது. எஞ்சினிலிருந்து 2 மீட்டரில் 94 டெசிபெல் கேட்டால், 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82, 16 மீட்டரில் 76 என்றவாறு இறங்கும். ஆகையால் எஞ்சினைக் கழுவும் இடத்திற்குக் கொண்டு போவதைவிட, எஞ்சினை எட்ட நிறுத்தி ஹோஸ் குழாயை நீட்டுவது நலம்.

குழாயை நீட்டினால் அழுத்தம் போய்விடும் என்னும் அச்சம் குழாயின் உட்புழையைப் பொறுத்தது. நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் ஓடும்போது, 10 மில்லிமீட்டர் உட்புழையுள்ள குழாயில் 30 மீட்டர் நீளத்திற்கு அழுத்த இழப்பு 2 பாருக்குள் அடங்கும். 6 மில்லிமீட்டர் உட்புழையில் அதுவே 20 பார் அளவுக்கு ஏறிவிடும். எனவே நீளமான குழாய் வாங்குபவர் பெரிய உட்புழையுள்ளதையும், பம்பின் உச்ச அழுத்தத்திற்கு மேற்பட்ட தாங்கு சக்தி குறிக்கப்பட்டதையும் வாங்க வேண்டும். பழைய குழாயை ஒட்டுப்போட்டு நீட்டுவது உயிருக்கே அபாயம்.

எஞ்சினை நிறுத்தும் இடமும் கவனிக்கத்தக்கது. கெட்டியான சுவரை ஒட்டி நிறுத்தினால் எதிரொலியால் சப்தம் 3 டெசிபெல் வரையில் கூடும். இரு சுவர்கள் கூடும் மூலையில் நிறுத்தினால் இன்னும் அதிகரிக்கும். புகைக்குழாயின் வாய் வீடுகளையும் தொழுவத்தையும் நோக்காமல் வெட்டவெளியை நோக்கியிருக்க வேண்டும்.

சைலன்ஸர்

நான்கு வீச்சு எஞ்சினில் இரு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பு நிகழ்கிறது. 3,600 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 30 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் அழுத்தமுற்ற புகை சட்டென்று வெளியேறுவதாலேயே முழக்கம் உண்டாகிறது. புகையை அறைகளில் விரியவும் சுழலவும் செய்து மெல்ல வெளிவிடுவதே சைலன்ஸரின் வேலை. 1909-இல் துப்பாக்கியின் வெடியோசையைத் தணிக்கும் கருவிக்கு உரிமை பெற்ற ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்னும் அமெரிக்கர், அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் பயன்படுத்தினார்.

பழைய யந்திரங்களில் சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பதும், எஞ்சினோடு அது சேரும் இடத்தில் காஸ்கட் எரிந்து புகை கசிவதும் மிகவும் சாதாரணம். இணைப்பைச் சுற்றிக் கரிப்படலம் காணப்பட்டால் கசிவு உண்டென்று அறியலாம். இவற்றை மாற்றுவது அற்பச் செலவு, பலனோ பெரிது. அதன்பின்னும் போதாதெனின் கொள்ளளவு மிகுந்த சைலன்ஸரைப் பொருத்தலாம். தாழ்ந்த முழக்கத்தைத் தணிக்க, சிலிண்டரின் கொள்ளளவைப்போல் பல மடங்கு கொள்ளளவுள்ள சைலன்ஸர் வேண்டும். கனமான சைலன்ஸரை எஞ்சினின் வாயில் தொங்க விடாமல், சட்டத்திலிருந்து தனித் தாங்கி கொடுக்க வேண்டும்.

புகையின் வழியைக் குறுக்கிச் சப்தத்தை அடக்க முயல்வது கூடாது. வெளியேற முடியாத புகை எஞ்சினுக்குள்ளேயே தேங்கி, சக்தியைக் குறைத்து, வால்வுகளைச் சுட்டுக் கெடுக்கும். காற்றை உறிஞ்சும் வாயில் ஏர் ஃபில்டரையும் அதன் மூடியையும் கழற்றிவிட்டு ஓட்டுவதும் தவறு. அவை தூசியைத் தடுப்பதோடு உறிஞ்சும் ஓசையையும் அடக்குகின்றன.

அதிர்ச்சியை அடக்குதல்

எஞ்சினின் அதிர்ச்சி சட்டத்தில் பரவினால், அதில் பொருத்திய தகடுகளெல்லாம் பறையைப்போல் முழங்கும். இதைத் தடுக்க எஞ்சினுக்கும் சட்டத்திற்கும் நடுவே ரப்பர் புஷ்கள் இடுவது வழக்கம். எண்ணெய்பட்டு இறுகியும் நசுங்கியும் போன புஷ்களை மாற்ற வேண்டும். தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கி, ஆடும் மூடிகளின் கீழ் ரப்பர்த் துண்டு வைத்துப் பொருத்த வேண்டும். எஞ்சினும் பம்பும் பெல்ட்டால் இணைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒரே சட்டத்தில் அமைந்து, அச்சட்டம் முழுவதும் ரப்பர்மேல் நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் ரப்பரில் நிறுத்தினால் பெல்ட் நிலைபெறாது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று கயிறு பிடித்துப் பார்ப்பதும் அவசியம்.

பம்பைப் பொறுத்தவரையில், நீர்த்தொட்டியைப் பம்புக்கு மேலான மட்டத்தில் வைத்து, அகலமான குட்டைக் குழாயால் இணைத்து, வலைவடிகட்டியை அடிக்கடி கழுவி வந்தால் கடகட ஓசை நீங்கும். வால்வுகளும் நெடுநாள் உழைக்கும். தேய்ந்துபோன நாசில் அதிகச் சீற்றமும் குறைந்த அழுத்தமும் தருவதால் அதனையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

தடுப்புச் சுவரும் கூடும்

வீடுகளின் பக்கம் சப்தம் செல்லாதிருக்க எஞ்சினுக்கு ஒரு பக்கத்தில் தடுப்பு எழுப்பலாம். செங்கற் சுவர், மண் மூட்டைகள், மண் கரை ஆகிய எதுவும் ஏற்கும். எஞ்சின் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தால் மட்டுமே 5 டெசிபெல் குறையும். அதற்கு மேலும் உயர்த்தினால் 10 டெசிபெல் அளவில் குறைவதும் உண்டு. தடுப்பு எஞ்சினுக்கு அருகிலாவது, கேட்பவருக்கு அருகிலாவது இருக்க வேண்டும். நட்டநடுவில் இருந்தால் பலன் குறைவு. ஒரு வரிசை மரங்களோ கீற்றுத் தட்டியோ சப்தத்தைத் தடுக்குமென்று நம்புவது வீண். அவை பார்வையை மறைக்குமேயன்றி ஓசையை மறைக்கா.

எஞ்சினை முழுதும் மூடிக் கூடு அமைக்க விரும்புவோர் நான்கு விஷயங்களை மறக்கலாகாது. முதலாவது, கூட்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபெல்லோடு சரி. ஆகையால் சந்துகளை அடைக்க வேண்டும். இரண்டாவது, காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்று இன்றியமையாதது. காற்று உட்செல்லவும் வெப்பக் காற்று வெளிவரவும் தனித்தனியே அகலமான வழிகள் வேண்டும். அவ்வழிகளை நேராக விடாமல் வளைத்து, உட்புறம் பாறைப்பஞ்சு பதித்து, துளையிட்ட தகட்டால் மூடினால் காற்று செல்லும், ஓசை தேயும். மூன்றாவது, தெர்மோகோல், ஸ்பாஞ்சு, சாக்கு, வைக்கோல் முதலிய எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கூட்டினுள் வைக்கலாகாது. எஞ்சின் ஆறும் வரையில் பெட்ரோல் ஊற்றவும் கூடாது. நான்காவது, புகைக்குழாயைக் கூட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

இந்நான்காவது விஷயத்தில் அசட்டை உயிரைப் போக்கும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷ வாயு. அதை மூச்சில் ஏற்றவன் தலைநோவும் மயக்கமும் உற்று, எழுந்து வெளியேறும் வலுவுமின்றி வீழ்வான். இரைச்சலுக்கு அஞ்சி எஞ்சினை வீட்டு அறையிலோ, மூடிய கொட்டகையிலோ, கிணற்றுக்குள்ளோ வைத்து ஓட்டுவது ஒருபோதும் கூடாது. கதவையும் சன்னலையும் திறந்து வைத்திருப்பது போதிய காப்பாகாது. காதைக் காக்கச் செய்யும் ஏற்பாடு மூச்சைப் பறிப்பதாய் முடியலாகாது.

மின்சார மோட்டாரும் புது யந்திரமும்

மின்சாரம் கிடைக்கும் இடத்தில், ஒரே தொழுவத்தில் அன்றாடம் கழுவுவதற்கு மோட்டாரால் ஓடும் யந்திரமே சிறந்தது. அதில் புகையில்லை, வெடிப்போசையும் இல்லை. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,450 சுற்றில் ஓடும் மோட்டாரோடு இணைந்த பம்பு, அதிவேகச் சிறு மோட்டாரில் ஓடுவதைவிட அமைதியானது, நெடுநாள் உழைப்பது. ஈரத்தில் வேலை செய்வதால் நல்ல எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் இன்றி இதனை ஓட்டலாகாது. எஞ்சினால் ஓடும் யந்திரத்தையே வாங்க நேர்ந்தால், பம்பு எஞ்சினோடு நேரே கோக்கப்பட்டதைவிட, பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ வேகம் குறைக்கப்பட்டதைத் தேர்ந்துகொள்ளலாம். வாங்கும் முன் அதைப் பாரத்தோடு ஓட்டிக் கேட்டுப் பார்ப்பது உசிதம்.

காதுக் காப்பு

மேற்கூறிய யாவும் செய்த பின்னும் நாசிலின் சீற்றம் கன்னைப் பிடிப்பவனை விட்டு நீங்காது. அவன் எங்கே சென்றாலும் அது கூடவே செல்வது. ஆகையால் அவனுக்குக் காது அடைப்பானோ காது மூடியோ கொடுத்தல் வேண்டும். வெறும் பஞ்சைச் செருகுவதால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. நுரையாலான அடைப்பானைச் சுத்தமான கையால் மெல்லியதாய் உருட்டி, காதுமடலை மேற்புறமாய் இழுத்துப் பிடித்துச் செருகி, அது உள்ளே விரியும் வரையில் அழுத்தியிருக்க வேண்டும்.

முடிவு

இவற்றின் பலனைச் சேர்த்துக் கணக்கிடலாம். எஞ்சினிலிருந்து 2 மீட்டரில் நிற்பவனுக்கு 94 டெசிபெல் கேட்குமாயின், அவன் நாளொன்றுக்கு 1 மணி நேரமே அங்கு நிற்கத்தகும். வேகத்தைக் குறைத்து 3 டெசிபெல் தணித்து, நீண்ட குழாயால் எஞ்சினை 8 மீட்டருக்கு அப்புறப்படுத்தினால், எஞ்சினால் அவன் காதில் விழுவது 79 டெசிபெல்லாகிறது. இதற்குச் செலவு ஒரு குழாயின் விலை மட்டுமே. சைலன்ஸரும் ரப்பரும் சுவரும் அதற்கு மேற்பட்ட லாபம்.

ஆகையால் வேகம், தூரம், சைலன்ஸர், அதிர்ச்சி, தடுப்பு என்னும் வரிசையில் விவசாயிகள் ஒவ்வொன்றாய்ச் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் அளந்து பார்த்து, போதுமென்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், இரைச்சலைப் பற்றிய பிராது தம்மிடம் வரும்போது, யந்திரத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன், அது நிற்கும் இடத்தையும் ஓடும் நேரத்தையும் மாற்றினால் வழக்குத் தீருமா என்று நேரிற் பார்த்தல் நலம். அநேக வழக்குகள் எஞ்சினை இருபது அடி நகர்த்துவதாலும், காலை 6 மணிக்குப் பின் ஓட்டுவதாலும் தீரக்கூடியனவே. யந்திரத்தின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு அதன் இரைச்சலை அடக்கிவைக்கும் குடியானவர், தம் ஆளின் காதையும், பசுவின் பாலையும், அண்டையாரின் நட்பையும் ஒருங்கே காத்துக்கொள்வார்.